முட்டியின் அடியில் படிந்திருப்பது

உமியையும் தவிட்டையும் நம்பி இயங்கிய ஒரு ஆய்வுகூடம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. மருத்துவ பீடத்தின் உயிரிரசாயனவியல் துறையில் பேராசிரியர் கே. பாலசுப்பிரமணியமும், பின்னாளில் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக (2011–2017) இருந்த பேராசிரியர் வசந்தி அரசரட்ணமும் தங்கள் மாணவர்களோடு 1990களில் செய்த வேலைகளில் ஒன்றைச் சொல்கிறேன். தவிட்டை உமியோடு கலந்து, ஈரப்படுத்தி, அதில் அஸ்பர்ஜிலஸ் நைகர் என்ற கறுப்புப் பூஞ்சணத்தை வளர்த்தார்கள். பூஞ்சணத்துக்குத் தவிடு சாப்பாடு. உமி அதைக் கட்டிபட விடாமல், காற்றுப் போய்வர இடம்விடும். வளர்ந்த பூஞ்சணம் மாப்பொருளைக் குளுக்கோசாக வெட்டுகிற குளுக்கோஅமைலேசு என்ற நொதியத்தைச் சுரக்கும். மாவைச் சீனிப்பாகாக மாற்றுகிற தொழில்களுக்கெல்லாம் அடிப்படையான நொதியம் அது.

எந்தக் காலத்தில் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். 1990 ஜூனில் போர் திரும்பவும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. எரிபொருள், பற்றரி, உரம் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வந்தது. இவற்றுக்கு நடுவில் இந்தத் துறையிலிருந்து கட்டுரைகள் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் போய் அச்சாகிக்கொண்டிருந்தன. விடாமுயற்சி என்று இதைப் புகழ்ந்துவிட்டுப் போகலாம், புகழத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பது. அரிசி ஆலையின் பின்புறத்தில் குவிந்துகிடந்ததிலிருந்து பிறந்த கேள்வி அது. இன்று நிலைபேறான உயிர்த்தொழில்நுட்பம் என்று மாநாடுகளில் பேசப்படும் பொருளின் உள்ளீடு இதுதான்: கழிவென்று ஒதுக்கியதை உயிரொன்றின் துணையோடு பயனாக்குவது, அதையும் இருக்கிற இடத்திலேயே செய்வது.

அந்தத் தலைமுறையிடம் கேள்வி இருந்தது, கருவி இல்லை. இன்றைய மாணவியிடம் கருவி இருக்கிறது. அவளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். நான் பேசிப் பழகிய பட்டப்பின்படிப்பு மாணவர்கள் சிலரை ஒன்றுசேர்த்து ஒருத்தியாக வைத்துக்கொள்கிறேன். திருநெல்வேலியில் வாடகை அறை, ஒரு மடிக்கணினி, கணினி உயிரியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது, ஓடிக்கொண்டிருந்த கணக்கு அறுந்துபோகாமல் இருக்கப் பற்றரிக்குப் பற்றரி மாறியவள். தாய்தகப்பனுக்கு அவள் என்ன படிக்கிறாள் என்று சொல்லி விளங்கப்படுத்த இன்னும் முடியவில்லை. "கொம்பியூட்டரோ, பயோலொஜியோ, ஒண்டைச் சொல்லு பிள்ளை" என்று அம்மா கேட்பார்.

அவளுடைய மடிக்கணினிக்குள் வந்து சேருவது சாதாரணமான கொடை அன்று. 1965இல் அமெரிக்காவில் மார்கரெட் டேஹோஃப், அதுவரை அறியப்பட்ட புரதங்களின் அமினோ அமில வரிசைகளை ஒரு அச்சுப் புத்தகமாகத் தொகுத்தார். மொத்தம் 65 புரதங்கள். 1971இல் புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளுக்கென்று ஒரு பொதுக் களஞ்சியம் 7 அமைப்புகளோடு தொடங்கியது. 1982இல் ஜென்பாங்க் என்ற பொது வரிசைக் களஞ்சியம் வந்தது. 1990 ஒக்ரோபரில், கையிலிருக்கும் ஒரு வரிசைக்கு உலகத்தில் எங்கெங்கே உறவு இருக்கிறது என்று கணநேரத்தில் தேடித்தரும் பிளாஸ்ட் என்ற முறை வெளியானது. 2022இல் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த 20 கோடிப் புரத அமைப்புகள் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடப்பட்டன. அதை உருவாக்கியவர்களில் டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் இருவருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024இன் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. கட்டணம் இல்லை, விசா இல்லை. ஹார்வர்டில் இருப்பவர் தட்டும் அதே கதவைத் திருநெல்வேலியில் இருப்பவளும் தட்டலாம்.

கருவி சிறிதாக இருந்தாலும் சிந்தனை பெரிதாக இருக்கலாம் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு சாட்சி உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் முறுகலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று கணித்து ஒரு வரைபடமாகப் போட்டார்கள். ஆல்ஃபாஃபோல்ட் தருகிற அமைப்பையும் இன்றைக்கு அந்த இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். கணினி உயிரியல் நமக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி இல்லை.

ஆனால் இந்தத் திறந்த கதவில் ஒரு சிக்கல் இருக்கிறது. களஞ்சியத்துக்குள் இருப்பது யாரோ எங்கோ தேடிப் பிடித்து, பிரித்தெடுத்து, வாசித்து, இட்டுவைத்தது. நாம் இட்டுவைக்காததை அதற்குள் தேடினால் கிடைக்காது. ஆல்ஃபாஃபோல்ட்டுக்கும் இதே நிலைதான். முன்னரே ஆய்வுகூடங்களில் அரும்பாடுபட்டுக் கண்டறிந்த அமைப்புகளிலிருந்து கற்றுத்தான் அது கணிக்கிறது. ஆகவே ஒரு யாழ்ப்பாண மாணவி ஒரு துளி மண்ணைத் தொடாமல், ஒரு மரத்தடிக்குப் போகாமல், டென்மார்க்கிலோ கலிபோர்னியாவிலோ சேர்த்த தரவை இறக்கி, ஒரு மாதிரியைக் கட்டி, மூன்று கட்டுரை எழுதி, கலாநிதியாகிவிட முடியும். அதைக் குறைசொல்லி ஒதுக்கிவிட மாட்டேன். கணிதமும் நிரலும் அவளுக்குக் கைவந்திருக்கும், வெளிநாட்டில் வேலையும் கிடைக்கும். எனக்குள்ள கவலை வேறு. அவள் யாழ்ப்பாணத்தில் இருந்து அதைச் செய்தாள் என்பதற்கு அந்த ஆய்வேட்டில் ஒரு தடயமும் இருக்காது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? கள்ளு முட்டியில் தொடங்கலாம் என்பது என் விருப்பம்.

பனம்பாளையைச் சீவினால் வடிகிற சாறு இனிப்பானது. பெரும்பகுதி சுக்குரோசு. சீவல் தொழிலாளி ஒரே மரத்தில் இரண்டு முட்டி கட்டினால் இரண்டு பொருள் கிடைக்கும். உள்ளே சுண்ணாம்பு பூசிய முட்டியில் சேருவது கருப்பநீர். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கி நுண்ணுயிர்களை அடக்கிவைக்கிறது, அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாத முட்டியில் சேருவது மரத்திலேயே நொதிக்கத் தொடங்கிவிடும், இறக்கும்போது அது கள். இப்படி ஒரு சோதனையையும் அதற்கு ஒரு ஒப்பீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டுக் காலங்காலமாகப் பார்த்துவருகிறவர்களைப் பரிசோதகர்கள் என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. வடமராட்சியில் ஒரு முதியவர் அந்த மாணவிக்குச் சொன்னது இது: "முட்டியை மினுக்கிக் கழுவினா கள்ளு எழும்பாது பிள்ளை. அடியிலை கொஞ்சம் கிடக்கவேணும்." அடியில் கிடக்கும் அந்தக் கொஞ்சத்தை வாசிக்கத்தான் அவள் ஐந்தாறு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? சக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற மதுவம் இருக்கும். பாண் புளிக்கவைப்பதும் பியர் வடிப்பதும் அதுதான். புளிப்பைத் தருகிற இலக்றிக் அமில பற்றீரியாக்கள் இருக்கும். காற்றுப் பட்டதும் மதுசாரத்தை வினாகிரியாக்குகிற அசற்றிக் அமில பற்றீரியாக்கள் இருக்கும். உலகின் பல பனைக்கள்ளுகளில் காணப்படுகிற இன்னொரு பற்றீரியாவும் உண்டு: சைமோமோனாஸ் மொபிலிஸ். மெக்சிகோவில் கற்றாழைச் சாற்றில் இறக்கும் புல்கே என்ற கள்ளிலிருந்து போன நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று உயிர் எரிபொருள் ஆய்வில் மிகவும் மதிக்கப்படும் நுண்ணுயிர்களில் அது ஒன்று. காரணம் அதன் வாழ்க்கை முறை. ஒரு குளுக்கோசு மூலக்கூறை உடைத்து மதுவம் இரண்டு ஏடிபி, அதாவது இரண்டு பங்கு சக்தி பெறும். சைமோமோனாஸ் வேறு பாதையில் போய் ஒன்றே ஒன்றைத்தான் பெறுகிறது. சக்தி குறைவாகக் கிடைப்பதால் தன் உடலைப் பெருக்க அதனால் அதிகம் செலவிட முடியாது. உள்ளே போன சீனியில் மிகப்பெரும் பங்கு எதனோலாக வெளியே வந்துவிடும். அதன் சிக்கனமின்மை நமக்கு இலாபம். 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வைக்கோல், சக்கை போன்றவற்றில் இருக்கும் சைலோசு என்ற சீனியையும் அது உண்ணும்படி மாற்றியமைத்தார்கள். 2005இல் அதன் முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 20 இலட்சம் எழுத்துகள்.

இப்போது ஒரு லீற்றர் சாற்றை எடுத்துக்கொள்வோம். அதில் 120 கிராம் சுக்குரோசு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு துளியும் சிதறாமல் எல்லாமே எதனோலாக மாறினால் ஏறத்தாழ 64 கிராம் வரும். மிச்சம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டாக நுரைத்துப் போய்விடும். நடைமுறையில் ஒருநாளும் 64 வருவதில்லை. கொஞ்சத்தை மதுவம் தன் உடலாக்கிக்கொள்ளும், கொஞ்சத்தை இலக்றிக் பற்றீரியா எடுத்துக்கொள்ளும், வெயில் ஏறியபின் வினாகிரிக்காரர் தங்கள் பங்கை எடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு போனது? இந்தக் கேள்விக்குக் கணினி உயிரியலில் ஒரு முறை இருக்கிறது. பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் நேர்பட வேண்டும் என்பதைப் போல, கலத்துக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் எவ்வளவு உருவாகிறதோ அவ்வளவு செலவாகவேண்டும் என்று விதித்து, நூற்றுக்கணக்கான தாக்கங்களைச் சமன்பாடுகளாக அடுக்கி, கிடைக்கிற எல்லைக்குள் கலம் எப்படி வளரும் என்று தீர்ப்பது. 1999இல் ஹீமோஃபிலஸ் என்ற பற்றீரியாவுக்கும் 2003இல் மதுவத்துக்கும் இப்படி முழு மரபணுத்தொகுதி அளவில் மாதிரிகள் கட்டப்பட்டன. அவற்றைத் தீர்க்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். அவளுடைய மடிக்கணினி சில விநாடிகளில் விடை சொல்லிவிடும். பல உயிர்கள் ஒன்றாக வாழும் முட்டிக்கும் அவற்றின் மாதிரிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கலாம்.

ஆனால் சமன்பாட்டுக்கு எல்லை கொடுக்கவேண்டும். சாறு வடிகிற வேகம் என்ன? முட்டியின் உள்ளே மத்தியானம் என்ன வெப்பநிலை? காலையில் எவ்வளவு சீனி, பின்னேரம் எவ்வளவு? இவை டென்மார்க்கில் இருந்து வராது. ஏணியும் தளநாரும் கட்டி மேலே ஏறுகிறவர் துணையோடு, மணிக்கு மணி சிறு குப்பிகளில் எடுத்துப் பனிக்கட்டிக்குள் வைத்துத்தான் இவை கிடைக்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத, நம் வெயிலுக்கே உரிய இலக்கங்கள் அவை.

பிரேசில் நாட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். கரும்புச் சாற்றை நொதிக்கவைத்து வாகன எரிபொருள் எடுக்கும் ஆலைகள் அங்கே முதலில் பாண் மதுவத்தைத் தொட்டிகளில் இட்டன. பருவம் முடியுமுன்னே அது காணாமற்போய், எங்கிருந்தோ வந்த காட்டு மதுவங்கள் தொட்டியைப் பிடித்துக்கொண்டன. 1990களில் ஆய்வாளர்கள் அந்த அழையா மதுவங்களையே பிடித்து வளர்த்துப் பார்த்தார்கள். பெட்ரா என்ற ஆலையிலிருந்து எடுத்த பிஈ-2 என்ற இனம் வெப்பத்தையும் அமிலத்தையும் மதுசாரத்தையும் தாங்கி நின்று, பல ஆலைகளுக்குப் பரவியது. 2009இல் அதன் வழிவந்த ஒன்றின் மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டது. பி1, பி6 உயிர்ச்சத்துகளை உருவாக்கும் மரபணுக்களை இந்த எரிபொருள் மதுவங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாகப் பெருக்கி வைத்திருக்கின்றன என்று அதே ஆண்டு கண்டார்கள். கடையில் வாங்கிய மதுவத்தைவிடத் தொட்டியில் தானாக வந்து குடியேறியது மேல் என்று தெரிந்தபிறகுதான் அவர்கள் வரிசையை வாசித்தார்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் தொட்டியைக் கவனித்தார்கள், அதன் பிறகே கணினி.

2018இல் உலகெங்கும் இருந்து சேர்த்த 1,011 சக்கரோமைசிஸ் மதுவங்களின் மரபணுத்தொகுதிகளை ஒன்றாக வைத்து வம்சாவளி வரைந்தார்கள். அதில் கிளைகளுக்கு இடப்பட்ட பெயர்களை வாசித்துப் பாருங்கள்: சாக்கே, பிரெஞ்சுப் பாற்கட்டி, மெக்சிகோ கற்றாழை, பிரேசில் உயிர் எரிபொருள், ஆப்பிரிக்கப் பனைக்கள், மலேசியா. யாழ்ப்பாணத்தின் பெயரில் ஒரு கிளை இல்லை. நம் முட்டி மதுவம் அந்தக் கிளைகளில் எங்கே போய்ப் பொருந்தும், ஆப்பிரிக்கப் பனையோடா, சீன அரிசிப் புளிப்போடா, தனியாகவா? பதில் தெரிந்தால் அது வெறும் பெருமைக்குரிய விடயமாக இராது. கொளுத்தும் வெயிலில் தொங்கும் முட்டிக்குள் தலைமுறை தலைமுறையாகத் தப்பிப்பிழைத்த மதுவம் வெப்பம் தாங்குவதாக இருக்க வாய்ப்பு அதிகம். வெப்பநாடுகளில் நொதிப்புத் தொட்டிகளைக் குளிரவைக்கச் செலவாகும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நினைத்தால், அப்படியொரு மதுவத்தின் மதிப்பு விளங்கும். சுண்ணக்கல் நிலத்தடி நீரை நம்பி வாழும் குடாநாட்டில் ஒவ்வொரு லீற்றர் குளிர்நீரும் கணக்கில் வரும்.

பனையிலேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வடலியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பாளை விட்டால்தான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருடம், சிலவேளை அதற்கு மேலும் ஆகும். நுங்கும் பனாட்டும் ஒடியலும் வேண்டுமென்றால் பெண்பனை வேண்டும். பேரீச்சையிலும் ஆண் பெண் தனித்தனி மரங்கள்தான். ஆனால் பேரீச்சை அடியில் கன்று விடும், பெண்மரத்தின் கன்றை எடுத்து நட்டால் அது பெண். பனை கன்று விடாது, கொட்டை ஒன்றே வழி. ஆகவே பேரீச்சைக்காரரைவிட நமக்குத்தான் இந்த விடை அவசரம். 2018இல் பேரீச்சைப் பேரினத்தின் பல இனங்களை வாசித்த ஆய்வொன்று ஆண்மரங்களில் மட்டும் காணப்படும் மரபணுக்கள் சிலவற்றை அடையாளம் காட்டியது. பனையில் கேரளத்தின் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் 2007இல் ஆண்மரத்தில் மட்டும் தெரிகிற ஒரு டிஎன்ஏ துண்டை அறிவித்தார்கள். அங்கே கண்ட அடையாளம் இங்கே வரணியிலும் நெடுந்தீவிலும் நிற்கிற மரங்களில் செல்லுமா என்பதை இங்கேதான் பார்க்கவேண்டும். பாளை விட்ட மரங்களில் ஆண் எது பெண் எது என்று தெரியும், அவற்றின் குருத்தோலையில் ஒரு துண்டு போதும். கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. போரில் பதுங்குகுழிகளுக்காகத் தறித்த தோப்புகளின் இடத்தில் கொட்டை ஊன்றுகிறார்கள். நாற்றிலேயே ஆணா பெண்ணா என்று தெரிந்தால் நடுபவர் தெரிந்து நடலாம். பெண்ணை மட்டும் நடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மகரந்தம் இல்லாமல் காய் இல்லை, கள்ளும் இரண்டு மரத்திலும் இறங்கும். எந்தத் தோப்பில் எந்த விகிதம் என்று நடுபவர் முடிவெடுக்க ஒரு வழி திறக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

இனி நான் அழுத்திச் சொல்லவிரும்புவதற்கு வருகிறேன். பொதுக் களஞ்சியத்தில் ஒரு வரிசையை இடும்போது எழுத்துகளோடு சேர்த்துக் கட்டங்களும் நிரப்பவேண்டும். எந்த நாடு, எந்த ஊர், அகலக்கோடு நெடுங்கோடு, எந்தத் திகதி, எதிலிருந்து எடுத்தது, யார் எடுத்தார். எழுத்துகள் வெறும் ஏ, சீ, ஜீ, டீ என்ற நான்கின் நீண்ட ஓட்டம். அந்தக் கட்டங்களை நிரப்பாவிட்டால் அது எந்த மண்ணுக்கும் உரியதாகாது. "யார் எடுத்தார்" என்ற கட்டத்தில் பெரும்பாலும் மாணவியின் பெயர், அல்லது மேற்பார்வையாளரின் பெயர். மரத்தில் ஏறி எடுத்துக் கொடுத்தவரின் பெயர் அங்கே வருவதில்லை.

நம் ஊரில் இந்த விடுபடலுக்குக் கனம் அதிகம். சீவல் தொழில் செய்தவர்களைச் சாதியின் பெயரால் கிணற்றுக்கட்டிலும் கோயில் வாசலிலும் நிறுத்திவைத்த சமூகம் நமது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்கே போராட வேண்டியிருந்தது. வயது போன மனிதரைச் சின்னப்பிள்ளைகள்கூட வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தெருக்கள் இவை. அவர் கையிலிருந்த அறிவை நாம் அறிவென்று எண்ணவே இல்லை. பாளையை எந்தப் பதத்தில் தட்டவேண்டும், எவ்வளவு மெல்லிதாகச் சீவினால் சாறு நிற்காமல் வடியும், எந்த மரத்துக் கள் கெதியில் புளிக்கும், எந்த முட்டியின் அடியை எந்த முட்டிக்கு மாற்றவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னது நுண்ணுயிரியலாளர் வளர்ப்பு மாற்றம் என்று சொல்வதேதான். அந்த முதியவரை மாணவி "ஐயா" என்று கூப்பிட்டாள் என்பதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். அத்தோடு நிற்கக்கூடாது. அவர் சம்மதித்தால் அவர் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறவேண்டும், கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஏறுவதையும் நான் வரவேற்பேன். நன்றியுரையின் கடைசி வரியில் "உதவிய தொழிலாளர்களுக்கும்" என்று முடிப்பது போதாது.

வரிசையைப் பொதுவில் இடலாமா என்றே சிலர் கேட்கிறார்கள். இட்டவுடன் உலகத்தின் எந்தக் கொம்பனியும் அதை எடுக்கலாம், முட்டியைத் தொடாமலே அந்த மரபணுவைச் செய்துகொள்ளலாம், பணம் பண்ணலாம். இது வீண் அச்சமில்லை. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய உயிர்ப்பல்வகைமை மாநாடு இதைப் பற்றித்தான் பேசி, இப்படிப்பட்ட வரிசைத் தரவால் இலாபம் காணும் பெரிய கொம்பனிகள் இலாபத்தில் நூற்றுக்கு 1 அல்லது வருமானத்தில் ஆயிரத்துக்கு 1 பங்கைச் செலுத்த ஒரு நிதியத்தை நிறுவியது. 2025 பெப்ரவரியில் அது தொடங்கிவைக்கப்பட்டது. அதில் பாதியாவது பழங்குடிகளுக்கும் அந்தந்த இடத்து மக்களுக்கும் போகவேண்டும் என்பது நோக்கம். செலுத்துவது கட்டாயமில்லை என்பதால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தும் பூட்டிவைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். டேஹோஃப் தொடங்கி இந்த அறுபது வருடமும் மற்றவர்கள் திறந்து வைத்ததை எடுத்துத்தான் நம் மாணவி படித்தாள். இடத்தையும் ஆளையும் தெளிவாக எழுதி இட்டுவைத்தால், பங்கு கேட்கும் நாள் வரும்போது கேட்பதற்கு ஒரு பத்திரமாவது இருக்கும். பெயரும் ஊரும் இல்லாத வரிசைக்கு யாரும் உரிமை கேட்க முடியாது.

தடைகள் இருக்கின்றன, அவற்றைச் சின்னதாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. பதிவுக்காலம் ஓடிக்கொண்டிருக்கும், சீவல் பருவம் தவறினால் அடுத்த வருடம்தான். வரிசை வாசிக்க மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் செலவும் அனுமதியும் சேர்ந்து மாதங்களைத் தின்னும். நூறு கிராமுக்கும் குறைந்த, கையில் அடங்கும் வாசிப்புக் கருவிகள் 2014இலிருந்து வந்துவிட்டன, ஆனால் அதற்கு வேண்டிய இரசாயனங்களைக் குளிர்ச்சி குறையாமல் யாழ்ப்பாணம் வரை கொண்டுவருவது தனி வேலை. இறக்கிவைத்த தரவில் இவை ஒன்றும் இல்லை. ஆகவே எந்த மாணவி இலகுவான வழியை எடுத்தாலும் நான் கோபிக்கமாட்டேன். துறையும் பல்கலைக்கழகமும் ஒரு பருவத்துக்கான மாதிரி சேகரிப்பை ஒருவர் தலையில் போடாமல், தாவரவியல், உயிரிரசாயனவியல், கணினி விஞ்ஞானம் என்று மூன்று நான்கு மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும்படி ஒழுங்குசெய்தால் பாரம் பாதியாகும். உமியையும் தவிட்டையும் அன்று ஒருவர் தனியாகக் கிளறவில்லை.

அவள் மரத்தடிக்குப் போனபோது அந்த முதியவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். காலைக் கள் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து வடிசாலைக்குப் போய்ச் சேருமுன்னே சில நாட்களில் புளித்துவிடுகிறது, சில நாட்களில் தாங்குகிறது. ஒரே மரம், ஒரே முட்டி. "ஏனெண்டு உங்கடை பெட்டிக்குத் தெரியுமே பிள்ளை?" புளித்த கள்ளில் மதுசாரம் குறையும், வினாகிரி கூடும், வடிப்பில் விளைச்சல் விழும், அவருக்குக் கிடைக்கிற காசும் விழும். மாணவி முதலில் எழுதிவைத்திருந்த ஆய்வு முன்மொழிவில் இந்தக் கேள்வி இல்லை. இப்போது இருக்கிறது: தாங்கிய நாளிலும் புளித்த நாளிலும் அதே முட்டியின் அடியிலிருந்து மாதிரி, மேகமும் வெயிலும் பதிந்த குறிப்பேடு, முந்தைய நாள் முட்டி எப்படிக் கழுவப்பட்டது என்ற அவருடைய வாய்மொழி, பிறகு யார் எத்தனை பங்கு என்ற வரிசை வாசிப்பு, அதன் பிறகு சமன்பாடு. அடுத்த தை பிறந்ததும் முதல் பாளை தட்டும்போது தொடங்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.